முதலில் வந்த சிவப்புப் பூ

போன ஆடியில் என் மகனைப் போலீஸ் பிடித்தது. கூட்டாளிகள் மூன்று பேரோடு சேர்ந்து பைக் திருட்டு. வயது பதினேழு. சேலத்தில் சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருபத்தாறு நாள் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் நாமக்கல்லில் அதிகாரியிடம் கையெழுத்துப் போட அனுப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்து ஜாமீனில் அழைத்து வந்தேன். மல்லசமுத்திரத்தில் தறி ஓட்டுகிறவள் நான். கணவர் இல்லை.

வந்தவன் யாரோடும் பேசவில்லை. தெருவில் எது காணாமல் போனாலும் எங்கள் வீட்டைத்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் குளித்து, தலை சீவி, பஸ் ஏறுவான். எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவன் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றுகூட நினைத்தேன்.

எங்கள் பக்கம் பையன் சரியில்லை என்றால், போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏற்றி வடக்கே வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரியம்மா மகனின் வண்டி கிளம்ப இருந்தது. கையெழுத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

குலதெய்வமான அம்மனிடம் பூக் கேட்டேன். வெள்ளை வந்தால் அனுப்புகிறேன், சிவப்பு வந்தால் என்னோடு வைத்துக்கொள்கிறேன். பூசாரி வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று மடித்துப் போட்ட இரண்டு பொட்டலத்தில் ஒரு சின்னப்பெண் ஒன்றை எடுத்தாள். சிவப்பு. எனக்கு ஆத்திரம்.

"இன்னொருக்கா கேளுங்க சாமி" என்றேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தடவை வெள்ளை வந்தது. பூசாரியின் முகத்தைப் பார்க்காமல் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். அம்மனையே அலுக்க வைத்தவள் நான்.

வியாழக்கிழமை காலையில் மகனை வண்டி ஏற்றினேன். நிம்மதி வரவில்லை. சாயங்காலம் முந்தானையை அவிழ்த்தால் பூ வாடிக் கிடந்தது. 'தப்புப் பண்ணிட்டேன் தாயே, எம்புள்ளையக் காப்பாத்து' என்று அழுதேன்.

மறுநாள் காலை தறிக்குக் கிளம்பும்போது வாசலில் நிற்கிறான். ஓசூர் பக்கம் வண்டி நின்றபோது இறங்கி, பஸ் மாறி மாறி வந்திருக்கிறான்.

"ஏஞ்சாமி வந்துட்ட?"

"இன்னிக்குக் கையெழுத்துப் போடோணுமல்லம்மா. நான் போகாட்டி உன்னையத்தான கேப்பாங்க. நீதான எழுதிக் குடுத்த."

நான் தள்ளிவிட்ட பிள்ளை என்னைக் காப்பாற்ற வந்திருந்தான். அன்று நானும் கூடவே போனேன். கையெழுத்து வாங்கும் அதிகாரி அம்மா சொன்னார்: "ஒரு வாரங்கூடத் தவறலைங்க. அவன் புடிச்சு நிக்கறான். நீங்களும் கூட நில்லுங்க." எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கிறான். தெரு இன்னும் அப்படியே பார்க்கிறது. சில நாள் சாப்பிடாமல் சுருண்டுகொள்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். வழக்கும் முடியவில்லை, என் அசதியும் தீரவில்லை. ஆனாலும் அம்மனுக்குத் தினமும் கைகூப்புகிறேன்.

என்னைப் போல் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற தாய்மாரே, அம்மனை நம்பிக் கேளுங்கள். ஒருமுறை கேட்டால் போதும். அவள் எனக்கு முதல் பூவிலேயே சொல்லிவிட்டாள்.