யாருக்கு விடுதலை?

ஆனையூர் வீட்டை மச்சினனிடம் விட்டுவிட்டு, தோளில் பையோடு காளவாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவிக்கு முந்தின நாள்தான் பதினாறாம் நாள் காரியம். “பிள்ளை இல்லாத அக்கா சொத்து பொறந்த வீட்டுக்குத்தான் மச்சான். நாளைக்கு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க” என்றான் அவன். எனக்குத்தான் ஏதோ விடுதலை என்று நினைத்தேன்.

வழியில் ஒரு பத்திர எழுத்தரிடம், பையிலிருந்த வீட்டுப் பத்திர நகலைக் காட்டினேன்.

“விடுதலை உங்களுக்கில்லண்ணே. உங்க உரிமையை விட்டுக்குடுக்கச் சொல்றாரு. இது அவங்கப்பா குடுத்த வீடில்ல, உங்க சம்சாரம் சம்பாதிச்சு வாங்குனது. பிள்ளை இல்லேன்னா அம்புட்டும் புருஷனுக்குத்தான்.”

திரும்பிப் போனேன். மச்சினன் அதற்குள் தன் சாமான்களை அங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தான். “காலையில காலி பண்ணலைன்னா போலீஸ்ல எழுதிக் குடுப்பேன் மாப்ள” என்றேன்.

இப்போதெல்லாம் எந்தத் தாளையும் வெளியாள் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

அப்படிச் சொன்ன மறுநாள் விடிந்ததும், இனி என் பிழைப்பை நானே பார்க்க வேண்டுமென்று வீட்டுக்கு எதிர் டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மச்சினன் பீரோவை வண்டியில் ஏற்ற வந்த ஆட்களுக்கு நானே டீ ஆற்றிக் கொடுத்தேன். அவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை.