வாசல் கொள்ளாத பெட்டி

எங்கள் ஊருக்குச் சாமி வருவதற்கு முன்பே சங்கு வந்துவிட்டது. ஃபிஜித் தீவில், பா என்னும் ஊர்ப் பக்கத்துக் கரும்புக் காடுகளைத் தாண்டி மலைக்குள் ரோடு போட்டு, மரம் அறுக்க மில் வைத்து, அதைச் சுற்றி ஓர் ஊரையும் கட்டியது கம்பெனி. வீடெல்லாம் பலகை வீடு, ஒரே பச்சை நிறம். கடை, பள்ளிக்கூடம், கரண்டு எல்லாம் கம்பெனி உபயம். மில் சங்கு ஊதினால் எழுந்தோம், மறுபடி ஊதினால் சாப்பிட்டோம். அம்மன் பூஜைக்கும் சங்கு ஊதாத ஞாயிறாகப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். அம்மனும் கம்பெனிச் சம்பளத்தில்தான் இருக்கிறாள் என்பார் சித்தப்பா.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மில்லில் வேலை. வேலை இருக்கும்வரைதான் வீடு. சுவரில் ஆணி அடிக்கவும் ஆபீசில் கேட்க வேண்டும். ஊரில் பலர் கேட்காமலே அடித்தார்கள். அப்பாவோ அனுமதி கிடைத்தாலும் அடிக்காத ரகம். எங்கள் வீட்டுச் சாமி படங்கள் அலமாரியின் மேல் சாய்ந்துகொண்டே அருள் பாலித்தன.

தலைநகர் சுவாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அதன் பிறகு, எங்களைப் போன்ற இந்திய வம்சத்தாருக்கு இனி இங்கே என்ன கதி என்ற பயத்தில், ஊரில் ஒரே பேச்சுதான்: யார் போகிறார்கள், எந்த நாட்டுக்கு? கனடாவில் ஒரு மரமில்லுக்கு ஆள் எடுப்பதாகச் சித்தியின் அண்ணன் சொல்லி அனுப்பினார். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தப்பாவும் சித்தியும் புறப்படுவது என்று முடிவாயிற்று. மரத்தை விட்டு ஓடி மரத்திடமே போகிறான் என்று ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் சித்தப்பாதான்.

கப்பலில் சாமான் அனுப்பச் சித்தப்பா ஒரு பெட்டி செய்தார். மலையில் மழை விடாது என்பதால் கூடத்திலேயே வேலை நடந்தது. சித்தி தையல் மெஷின் என்றாள், பெட்டி வளர்ந்தது. அம்மிக்கல் என்றாள், இன்னும் வளர்ந்தது. பசை தடவி, நெருக்கமாக ஆணி அடித்து, பூகம்பத்துக்கும் அசையாத பெட்டியாக அது உட்கார்ந்தது.

லாரி வந்த காலையில்தான் தெரிந்தது, பெட்டி வாசலைவிடப் பெரிது. நேராகப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். மரத்தை மயிரிழை பிசகாமல் அறுக்கிறவர்கள் நிறைந்த ஊரில் இப்படியொரு கூத்து.

"மொதல்ல கதவ அளக்கக் கூடாதா?" என்றாள் சித்தி.

"கதவா கனடாவுக்கு வருது?" என்றார் சித்தப்பா.

பிரித்து வெளியில் வைத்து அடிக்கலாம் என்றாள் அம்மா. பலகை பிளந்துபோகும், அதோடு லாரி பொழுது சாய்வதற்குள் லவுடோகா துறைமுகத்தில் இருந்தாக வேண்டும். சித்தப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகலண்ணே. சகுனம் சரியில்ல."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாழ்க பெட்டி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்பா பின்பக்கம் போனார். கைரம்பத்தோடு வந்தார். வாசலை ஒட்டிய பலகைச் சுவரில் வைத்து அறுக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, கம்பெனி கேக்குமே!"

"செவுத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ கெளம்பு."

ஆணி அடிக்காத மனிதர் அரைச் சுவரை அறுத்துப் போட்டார். லாரி ஓட்டி வந்தவர் நாங்கள் மோமோ என்று கூப்பிடும் ஃபிஜிக்கார மாமா. அவர் அவர்கள் மொழியில் "இசா, இசா" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே பெட்டிக்குத் தோள் கொடுத்தார். சித்தப்பா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அப்பாதான் கையைப் பிரித்து, "போடா, மழை வருது" என்று லாரியில் ஏற்றினார்.

நான் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். சொந்தத் தம்பியைத் துரத்தச் சுவரை இடிக்கிற மனிதரோடு என்ன பேச்சு?

சில நாள் கழித்து ஆபீஸ் குமாஸ்தா வந்து ஓட்டையைப் பார்த்தார். அப்பா கைகட்டி நின்றார். குமாஸ்தா குரலைத் தாழ்த்தி, "பெட்டி என்ன அளவு செஞ்சீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

நான் கல்யாணமாகி, சுவா பக்கத்தில் இருக்கும் நகாசிக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னாள். கனடாவுக்கு மனுப் போட்டது அண்ணன் தம்பி இரண்டு பேரும். இரண்டு பேரும் சுவாவுக்குப் போய் டாக்டர் பரிசோதனை செய்துகொண்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு புதுக் கவுன் வந்தது மட்டும். அப்பாவின் நெஞ்சுப் படத்தில் அத்தனை வருஷத்து மரத்தூளும் தெரிந்ததாம், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனை விட்டுப் போகமாட்டேன் என்று சித்தப்பா அன்றிலிருந்தே முரண்டு பிடித்திருக்கிறார். பெட்டி வாசலில் சிக்கியது அவருக்கு நல்ல சாக்கு.

இது எதுவும் தெரியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன். அப்பாவோ, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி, அந்த ஓட்டையை அடைக்காமல், அதன் எதிரே நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.