பாவில் ஒட்டிய புழுதி

ஆரணியில் எங்கள் தெருவில் நேற்றுதான் பேவர் பிளாக் பதித்தார்கள். கல் இடுக்குகளில் கழுவிய மணலுக்குப் பதில் கருங்கல் உடைத்த கிரஷர் தூளைக் கொட்டிப் பெருக்கிவிட்டார்கள்.

இன்று காலை எதிர்வீட்டு குமாரி அக்கா தறிக்கான பட்டு இழைகளைத் தெருவோரம் பாவாக நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்.

ஓர் ஆட்டோ போனது. எழும்பிய வெள்ளைப் புழுதி ஈர இழைகளில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அக்கா தொட்டுப் பார்த்தார். “நறநறன்னு கீது. தறியில ஏத்தினா இழை அறுந்துகினே இருக்கும்.”

கல் பதித்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

“இதுவும் மணல்தாங்க. ஒரு மழை பேஞ்சா அடங்கிடும்.”

“மழை பேஞ்சா நான் எங்கங்க பாவு நீட்றது?”

அக்கா ஈரத்தோடு பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்.

இப்போது வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆரணிக்காரர்களே, நாங்கள் மழைக்கு வேண்டிக்கொள்வதா, வெயிலுக்கா?