சட்டன் அக்காவின் சனிக்கிழமைக் குதிரைகள்

நகுலேஸ்வரிக்குக் குதிரைகளில் பெரிய பிரியம் ஒன்றும் இருந்ததில்லை. பிரெஞ்சு படிக்கப் போன இடத்தில் அவை குறுக்கே வந்தன, அவ்வளவுதான்.

பாரிஸுக்குப் போன புதிதில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குப் பக்கத்தில் ஒரு கபேயில் விடியற்காலையில் தரை கழுவும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பாஷை வர வேண்டுமென்றால் தினமும் பேப்பர் வாசிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கபேக்குள் குதிரைப் பந்தயம் கட்டும் கவுண்டர் ஒன்று இருந்ததால், மேசைகளில் முதல்நாள் விட்டுப்போன பேப்பர் எல்லாம் குதிரைப் பேப்பராகவே இருந்தது. அவள் அதையே வாசித்தாள். சேறு, பாரம், மூச்சு, முழங்கால், தாய் வழி, தகப்பன் வழி என்றுதான் அவளுக்குப் பிரெஞ்சு வந்தது. மகள் ஆரணிக்குச் சளி பிடித்தபோது, பிள்ளை கடைசித் தூரத்தில் மூச்சை விட்டுவிடுகிறாள் என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எந்தத் திடலில் என்று கேட்டார். அவரும் அதே பேப்பர் வாசிக்கிறவர்.

பந்தயம் அவள் ஒருநாளும் கட்டவில்லை. எது வரும் என்று மனத்துக்குள் ஒன்றைச் சொல்லிக்கொண்டு, அடுத்த நாள் காலையில் வந்து பார்ப்பாள். சரியாக வந்தால் தேநீர் கொஞ்சம் ருசியாக இருக்கும். பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று யோசித்தபடி தரையைக் கழுவுவாள்.

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும், மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து சட்டனில் வீடு எடுத்தார்கள். அவள் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். கணவர் சண்முகராசா தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வான் ஓட்டினார். பாரிஸில் தமிழர் விளையாட்டுப் போட்டி எது நடந்தாலும் அறிவிப்பாளர் அவர்தான். லண்டனில் அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் இருந்தது.

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே நித்தியானந்தன் என்பவர் சின்னத் தமிழ் வானொலி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் ராசிபலன் சொல்லிவந்த சாத்திரியார் கனடாவுக்குப் போய்விட, அந்த நேரம் வெறுமையாகக் கிடந்தது. அரிசி மூட்டை இறக்கப் போன சண்முகராசா, நான் குதிரைப் பலன் சொல்லட்டோ என்று பகிடியாகக் கேட்டார். நித்தியானந்தன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. கோயில்கள் விளம்பரம் தருகின்றன, ஆகவே பந்தயம் கட்டுவதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது, மற்றபடி எது ஓடும், எது விழும் என்று தாராளமாகச் சொல்லலாம் என்றார்.

'சனிக்கிழமை ஓட்டம்' அப்படித் தொடங்கியது. குளிர்காலத்தில் இந்த நாட்டில் தடைதாண்டி ஓட்டம்தான் முக்கியம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நகுலேஸ்வரி அடுப்படியில் நின்றபடி சொல்வாள், சண்முகராசா கேட்டுக்கொள்வார். இந்தக் குதிரைக்கு வேகம் இருக்கிறது, ஆனால் தடையைக் கண்டால் இடப்பக்கம் சரியும். அது மூன்று முறை விழுந்து எழும்பியது, பயம் இன்னும் போகவில்லை. மற்றது முன்னால் ஒன்று ஓடினால்தான் தானும் ஓடும். அடுத்த நாள் இதையெல்லாம் அவர் தன் வெண்கலக் குரலில், சம்பந்தம் பேசுகிற மாதிரிக் குலம் கோத்திரத்தோடு எடுத்துச் சொன்னார். கேட்டவர்களில் அரைவாசிப் பேர் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள். பந்தயக் கடைப் பக்கமே போகாதவர்கள், ஆனால் எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் நோ என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சொல்வது மனைவி என்று சண்முகராசா எங்கும் வாய்விடவில்லை. அவளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில், சாண்டவுன் திடலில் ஓட்டம் இருந்த ஒரு சனிக்கிழமை, அவள் சொன்ன குதிரையை விட்டுவிட்டு அவர் 'பிஷப்ஸ் லேன்' என்ற வேறொன்றின் பெயரைச் சொன்னார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு வானொலியைப் பார்த்தாள். அன்று பின்னேரம் அவள் சொன்ன குதிரை கடைசித் தடைவரை முன்னால் வந்து, அங்கே விழுந்தது. பின்னால் வந்த பிஷப்ஸ் லேன் வென்றது.

சண்முகராசா மட்டன் ரோல் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நேயர்கள் புகழ்ந்து தள்ளிவிட்டார்களாம்.

"எனக்கும் இப்ப கொஞ்சம் பிடிபட்டிட்டுது போல," என்றார்.

"நல்லது. அப்ப இனி நீங்களே பாருங்கோ," என்றாள் அவள். குரலில் கோபம் இருக்கவில்லை. ரோல் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அவர் தனியே பார்த்தார். சொன்னவற்றில் ஒன்றும் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்ல யாரும் போன் எடுக்கவுமில்லை. அது அவளுக்குப் புரியாத புதினமாக இருந்தது. சனம் வெற்றிக்காகக் கேட்கவில்லை, குரலுக்காகத்தான் கேட்கிறது என்று எண்ணினாள். அந்த எண்ணம் கொஞ்சம் சுட்டது.

மாசி மாதத்தில் மறுபடி சாண்டவுன். முதல்நாள் இரவு முழுக்க மழை. காலையில் சண்முகராசா பிஷப்ஸ் லேனையே மீண்டும் சொன்னார். பிரான்சிலிருந்து வாங்கி வந்த 'மூலேன் நுவார்' என்ற குதிரையைப் பற்றி, இது ஊருக்குப் புதுசு, சேற்றில் ஓடாது என்று ஒரே வரியில் முடித்தார். பெயரையும் பிழையாக உச்சரித்தார். நகுலேஸ்வரி கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"வணக்கம், சனிக்கிழமை ஓட்டம். ஆர் கதைக்கிறியள்?"

"சட்டனிலயிருந்து ஒரு நேயர்."

 இணைப்பு அறுந்துவிட்டதென்று நித்தியானந்தன் ஒரு பொத்தானில் கை வைத்தாராம்.

"சொல்லுங்கோ அக்கா," என்றார் சண்முகராசா.

அக்கா என்று கூப்பிட்டவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? "தம்பி," என்றாள் அவள், "மூலேன் நுவார் சேத்தில ஓடாதெண்டு சொன்னீங்கள். உங்களுக்கு ஆர் சொன்னது?"

"இங்க வந்து ரெண்டு தரம்தானே அக்கா ஓடினது. ரெண்டும் காய்ஞ்ச நிலம்."

"அதின்ர தாயை எனக்குத் தெரியும். பாரிஸில கார்த்திகை மழைக்குள்ள ஓடினது. மற்றதெல்லாம் இடையில நிண்டிட்டுது, அது நடந்தெண்டாலும் வந்து சேர்ந்தது."

"தாய் ஓடினால் பிள்ளையும் ஓடுமோ?"

"ஓடும் எண்டு நான் சொல்லேல்லை. ஓடாதெண்டு நீங்கள் சொல்லாதேங்கோ எண்டுதான் சொல்லுறன். பிஷப்ஸ் லேன் போனமுறை வெண்டது, முன்னால போனது விழுந்தபடியால். வெண்டதுக்காக இண்டைக்கு அதுக்குப் பாரத்தையும் கூட்டிப் போட்டிருக்கினம். சாண்டவுனில முடிவில ஒரு மேடு வருமே, அதை எப்பிடி ஏறும்? ஒருக்கா யோசியுங்கோ தம்பி."

யோசிப்பதாகச் சொல்லி அவர் ஒரு பாட்டைப் போட்டார்.

பின்னேரம் அவள் டிவியில் டெலிடெக்ஸ்ட் செய்திப் பக்கங்களைத் திருப்பி முடிவைத் தேடினாள். இருவருமே பெயர் சொல்லாத ஒரு குதிரை வென்றிருந்தது. மூலேன் நுவார் இரண்டாவது. பிஷப்ஸ் லேன் மேட்டுக்கு முன்னாலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

சண்முகராசா நேரம் பிந்தி வந்து சாப்பிட்டார். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"நித்தியானந்தனுக்கு நிப்பாட்டாமல் போன். அந்த அக்கா ஆரெண்டு கேட்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"தெரியாதெண்டு சொன்னன்." பிறகு, "அடுத்த கிழமையும் எடுப்பீரோ?" என்று கேட்டார்.

"லைன் கிடைச்சால் எடுப்பன்."

லைன் எப்போதும் கிடைத்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் குதிரைப் பேச்சே இல்லை. இருவரும் தனித்தனியாகப் பேப்பர் வாங்கினார்கள். ஒரே பேப்பர்தான். சனிக்கிழமை அவர் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒன்றைச் சொல்வார், அவள் சட்டன் அடுப்படியிலிருந்து அதை மறுப்பாள். ஆரணி, "அம்மா, திஸ் இஸ் சோ எம்பரசிங்," என்று மாடிக்குப் போய்விடுவாள். ஆனால் கதவைச் சாத்துவதில்லை.

அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில் நேயர்கள் மினிபஸ் பிடித்துச் சாண்டவுனுக்குப் போனார்கள். சட்டன் அக்கா வருவாவோ என்று எல்லோருக்கும் எதிர்பார்ப்பு. அவவுக்கு ஏலாதாம் என்று சண்முகராசா சொல்லிவைத்தார். நகுலேஸ்வரி அறிவிப்பாளரின் மனுசியாகப் போய் எல்லோருக்கும் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தாள். பஸ்ஸில் அதிகம் வாய் திறக்கவில்லை.

அத்தனை வருடம் குதிரைகளை வாசித்தவள், அன்றுதான் ஒரு பந்தயக் குதிரையைக் கிட்டத்தில் கண்டாள். ஓட்டத்துக்கு முன் அவற்றை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நினைத்ததை விடப் பெரிதாக இருந்தன. தோலிலிருந்து ஆவி எழும்பியது. கண்கள் எதையும் பார்க்காதவை போலிருந்தன. பேப்பரில் இருந்த எதுவும் அந்த உடம்புகளில் எழுதியிருக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஃபாரஸ்ட் கேட்டைச் சேர்ந்த கமலேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். வாராவாரம் வானொலிக்குப் போன் எடுக்கிறவள். எது வடிவாக இருக்கிறது என்று சும்மா கேட்டாள்.

"வடிவைப் பாத்து என்ன செய்யிறது," என்றாள் நகுலேஸ்வரி குதிரைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த மண்ணிறம் நல்லாப் பாயும், ஆனால் ரெயில் பாதைப் பக்கம் மூண்டு தடை கிட்டக் கிட்ட வரும். அதுக்குள்ள அவசரப்படும். அதின்ர தகப்பனும் அப்பிடித்தான்."

கமலேஸ்வரி அவளைப் பார்த்தாள். பிறகு தூரத்தில் பஸ்காரர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்த சண்முகராசாவைப் பார்த்தாள். மண்ணிறக் குதிரை அந்த மூன்று தடையில் நடுத்தடையில் விழுந்தது. எழும்பி, முதுகில் ஆள் இல்லாமல் மற்றவற்றோடு சேர்ந்து ஓடியது. நகுலேஸ்வரி அது எழும்பும்வரை வேலியை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு முன்னால் கமலேஸ்வரிக்கு லைன் கிடைத்துவிட்டது.

"தம்பி, அந்தச் சட்டன் அக்காவைப் பாவம் ஏன் போனில நிக்க வைக்கிறியள்? வரேக்க உங்கட வானிலேயே ஏத்திக்கொண்டு வாங்கோவன். ரெண்டு பேருக்கும் ஒரே வாசல்தானே."

சண்முகராசா உடனே பாட்டுப் போட்டார். பாட்டு முடிவதற்குள் லண்டன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நித்தியானந்தனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவள் உட்கார இரண்டாவது கதிரை ஒன்று வாங்கிப் போட்டு, இருவரும் சேர்ந்தே நடத்துங்கள் என்றார். அவளும் போனாள். ஆனால் ஒரே அறையில் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது சண்டை வரவில்லை. அவர் ஒன்றைச் சொன்னால், அதுவும் வரக்கூடும் என்று மரியாதையாகத் தலையாட்டினாள். அவள் சொன்னால் அவர் சரி என்றார். தை பிறப்பதற்குள் நேயர்கள் சலித்துவிட்டார்கள். இது கோயில் கூட்டம் மாதிரி இருக்கிறது என்று ஒரு பெரியவர் போன் எடுத்தே சொன்னார்.

அவள் திரும்ப அடுப்படிக்கே போய், அங்கிருந்து போன் எடுத்தாள். நாலைந்து வருடத்தில் அந்த வானொலி மூடப்படும்வரை அப்படியே நடந்தது. யாருக்கும் மறைக்க ஒன்றும் இல்லாதபோதும் அவர் ஒவ்வொரு முறையும், "எங்கையிருந்து அக்கா கதைக்கிறியள்?" என்று கேட்டார். அவளும் சட்டனிலயிருந்து என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவர் சொன்ன குதிரையில் என்ன பிழை என்று தொடங்கினாள்.