நாலு பத்துக்கு எரிஞ்ச லைட்டு

டெலிபோன் ஆபீஸ்ல அவனை ஏணின்னுதான் கூப்பிடுவோம். லைன்மேன். ஆளும் ஏணி மாதிரி, தோள்லயும் எந்நேரமும் ஒரு ஏணி. நான் அங்க சங்கச் செயலாளர். கூட்டத்துக்கு வாடான்னா வரமாட்டான். போஸ்டர் ஒட்ட மட்டும் வருவான். அவன் ஒட்டினா எந்த அதிகாரிக்கும் கிழிக்க எட்டாது.

அவன் வீட்டு முன்னறையில ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுல புல்லட்டின் போர்டு நடத்தினான். இன்டர்நெட் எங்க பக்கம் எட்டிப் பாக்காத காலம். கம்ப்யூட்டரும் போனும் இருக்கிறவன் அவன் நம்பருக்குப் போட்டு உள்ள போவான். மத்தவங்க எழுதி வச்சதைப் படிப்பான், தானும் ரெண்டு வரி எழுதிட்டு வெளிய வருவான். அவ்வளவுதான் போர்டு.

அவன் தங்கச்சியை மலைக்கு அந்தப் பக்கம் கல் குவாரி குடியிருப்புல கட்டிக் கொடுத்திருந்தாங்க. ஆத்தோரமா மூணு வரிசை வீடு, அதுக்கு மேல அணை. அங்க போன் கிடையாது. மனு மேல மனு கொடுத்தோம். நாப்பது வீட்டுக்காக மலையில கம்பி இழுக்க முடியாதுன்னு ஆபீஸ் பதில் எழுதுச்சு. நான் அந்தப் பதிலை நோட்டீஸ் அடிச்சு ஊர் பூரா கொடுத்தேன். ஒரு மண்ணும் நடக்கல. ஏணி நோட்டீஸ் அடிக்கல. கம்பி இல்லாம வீட்டுல இருந்தே பேசுற ஹாம் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினான். தங்கச்சி புருஷனையும், குவாரி மருந்தகத்துக் கம்பவுண்டரையும் புடிச்சு உக்கார வச்சு, அவங்களையும் எழுத வச்சான்.

கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவுல சோப்பு டப்பா அளவு ஒரு மோடம். எழுதினதை அது பொட்டலம் பொட்டலமாப் பிரிச்சு வானத்துல விடும். அந்தப் பக்கத்துல இருந்து "வந்துச்சு"ன்னு பதில் வரணும். வரலேன்னா திரும்ப அனுப்பும். ரெண்டு பக்கமும் பேசிக்கிறப்ப மோடத்துல ஒரு சிவப்பு லைட்டு மினுக்கும். குவாரி மருந்தகத்துல இதே மாதிரி ஒரு செட்டு, நடுவுல மலை உச்சியில தண்ணித் தொட்டி மேல இன்னொரு ரேடியோன்னு வச்சு, ஏறி இறங்கி, மூணு மாசம் மல்லுக்கட்டினான். துணி காயப்போடுற கம்பத்துல ஏரியலைக் கட்டிட்டான்னு அவன் பொண்டாட்டி குதிச்சா.

"இனிமே துணியை உங்க அண்ணன் தலையிலதான் காயப்போடணும்னு உங்க தங்கச்சிக்கு எழுதி அனுப்புங்க!"

மலை தாண்டிப் போன முதல் மடல் அதுதான். கால் மணி நேரத்துல தங்கச்சி சொல்லச் சொல்ல அவ புருஷன் தட்டின பதில் வந்துச்சு: "அண்ணி, அது வழுக்கை. சீக்கிரம் காஞ்சிடும்."

அன்னைக்குத்தான் ஏணி சிரிச்சு நான் பாத்தேன்.

அப்புறம் அதுக்கு ஒரு நடைமுறை வந்துச்சு. கம்பவுண்டர் சாயங்காலம் ரேடியோவைப் போட்டு போர்டுக்குள்ள வருவார். "எல்லாருக்கும்"னு வந்ததைக் கையால எழுதி மருந்தகக் கதவுல ஒட்டுவார். பேட்டரியை மிச்சம் பிடிக்க உடனே ரேடியோவை அணைச்சிடுவார். "மாத்திரை கேட்டு வர்றவனை விட மடல் கேட்டு வர்றவன்தான் ஜாஸ்தி"ன்னு அலுத்துக்குவார். ஒரு தடவை மனுஷன் தப்பு பண்ணிட்டார். தங்கச்சிக்குக் கரு கலைஞ்சதை விசாரிச்சு அண்ணி எழுதினதையும் சேத்துக் கதவுல ஒட்டிட்டார். ஏணி பஸ் ஏறிப் போய்க் கத்தினான்.

"அடுத்தவங்க வீட்டு விஷயத்தை எதுக்குய்யா ஒட்டுன?"

"எல்லாம் ஒண்ணாக் கொட்டுது. நான் என்ன கண்டேன்?"

திரும்பி வந்த கையோட புரோகிராமை மாத்தினான். ஆள் பேர் போட்டு வர்ற மடல், அந்த ஆளே தன் கால்சைனை, அதான் லைசென்ஸோட கொடுக்கிற ரேடியோப் பேரை, போட்டு உள்ள வந்தாத்தான் தெரியும். மத்தவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நல்ல ஏற்பாடுன்னு நானும்தான் சொன்னேன்.

அந்த வருஷம் மழை விடாமப் பேஞ்சுது. மூணாவது நாள் மதியம் ஏணி கம்பத்து மேல ஒரு லைனை டெஸ்ட் பண்ணிட்டிருந்தான். அணை இன்ஜினியர் மேலதிகாரிகிட்ட பேசுறது காதுல விழுந்துச்சு. அஞ்சு மணிக்கு மதகைத் திறக்கிறோம், சைரன் ஊதிடலாம்னு. சைரனுக்குப் போற லைன் அறுந்து மூணு மாசம் ஆச்சு. புகார் ஏணியோட நோட்டுலயே இருக்கு. சரி பண்ண அனுமதிதான் வரல.

லைன்ல கேட்டதை வெளிய சொன்னா வேலை போயிடும். ரெண்டு மாசம் முந்தி ஒருத்தனை அப்படித்தான் அனுப்பினாங்க. அவனுக்காக நான்தான் வாதாடினேன், நான்தான் தோத்தேன். மலை ரோடும் காலையிலயே சரிஞ்சு பஸ் நின்னுபோச்சு. போர்டை விட்டா வழியில்ல. ஏணி வீட்டுக்கு ஓடினான். மணி ரெண்டு அம்பது. போர்டுல "எல்லாருக்கும்"னு போட்டா டவுன்ல இருக்கிறவனும் படிப்பான், ஆபீசுக்குப் போயிடும். அதனால தங்கச்சி புருஷன் பேருக்குப் போட்டான்.

"மாப்ள, அஞ்சு மணிக்கு அணை திறக்குறாங்க. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்து. யார் சொன்னாங்கன்னு சொல்லாத."

மழைக்குக் குவாரி லீவு, மாப்ள மருந்தகத்துலதான் உக்காந்திருப்பான்னு கணக்கு. திரும்பவும் கம்பத்துக்குப் போயிட்டான். நாலரைக்குக் கம்பத்துல இருந்தே வீட்டுக்குப் போன் போட்டான்.

"லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்க. நாலு பத்துக்கு. நல்லா மினுக்கி மினுக்கி எரிஞ்சுது."

அப்பத்தான் அவனுக்கு மூச்சு வந்துச்சு.

வேலையை முடிச்சுட்டு அஞ்சுக்கு கால் மணி முன்னால வீட்டுக்கு வந்தா, வாசல்ல மாப்ள நிக்கிறான். கன்னம் வீங்கி, வாயில பஞ்சு.

"நீ எப்படா இங்க வந்த?"

"பல்லு புடுங்க காலையில முதல் பஸ்ஸுல வந்தேன் மச்சான். இப்ப ரோடு இல்லேங்கிறாங்க. ஏன், என்னாச்சு?"

ஏணி உள்ள ஓடி ரேடியோவுல குவாரியைக் கூப்பிட்டான். இவன் கூப்பிடுறதுக்கு மட்டும் லைட்டு மினுக்குது, அந்தப் பக்கத்துல இருந்து பதில் இல்ல. நாலு பத்துக்குப் போர்டுக்குள்ள வந்தது கம்பவுண்டர். பஸ் எப்ப வரும்னு பாக்கச் சீக்கிரமே வந்திருக்கார். போர்டு அவர்கிட்ட "புது மடல் இல்லை"ன்னு சொல்லுச்சு. ரேடியோவை அணைச்சுட்டார்.

கீழ் வரிசையில ஏழு பேர் செத்தாங்க. ஏணியோட தங்கச்சி அதுல ஒருத்தி. மேட்டுல இருந்த மருந்தகத்துக்கு ஒண்ணும் ஆகல.

விசாரணை வச்சாங்க. தண்ணி திடீர்னு ஏறிடுச்சு, கடைசி நிமிஷத்துலதான் முடிவெடுத்தோம்னு அணைக்காரங்க சொன்னாங்க. ஏணி போர்டோட பதிவை அச்சடிச்சுக் கையில வச்சிருந்தான். ரெண்டு அம்பதுன்னு அதுல இருக்கு.

"கொடுக்காதடா. லைன்ல ஒட்டுக்கேட்டேன்னு நீயே எழுதிக் கொடுக்கிற மாதிரி. என்னால உன்னைக் காப்பாத்த முடியாது"ன்னேன்.

"அன்னைக்கு வேலைக்குப் பயந்துதான தலைவரே ஒரு ஆள் பேருக்குப் போட்டேன்? இன்னும் என்னத்தைக் காப்பாத்துறது?"

கொடுத்தான். அணைக்காரங்க சொன்னது பொய்னு பதிவாச்சு. இன்ஜினியருக்கு வேற ஊர். ஏணிக்கு வேலை போச்சு. சைரன் லைனை மறுவாரமே சரி பண்ணினாங்க.

மாப்ள அதுவரைக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வேலை போன அன்னைக்கு வந்து வாசல்லயே நின்னான். நானும் அங்க இருந்தேன்.

"எனக்கு வந்த மடலை எடுக்கணும்."

"இங்கயே இருக்கு, ஸ்கிரீன்ல காட்டுறேன். உள்ள வா மாப்ள."

"வேணாம். அங்க போய் எடுத்துக்கிறேன். நீ ரேடியோவை மட்டும் அணைக்காத."

மறுநாள் சாயங்காலம் லைட்டு மினுக்குச்சு. ஸ்கிரீன்ல மாப்ளயோட கால்சைன். அந்த மடலுக்குப் பக்கத்துல "படிக்கல"ன்னு இருந்தது "படிச்சாச்சு"ன்னு மாறுச்சு. படிச்ச மடலை அவங்கவங்களே அழிச்சிடணும், போர்டுல இடம் பத்தாது. அழிக்கப் போறான்னு நான் நெனச்சேன். அவன் அழிக்கல. அதே மடலை, ஒரு எழுத்து மாத்தாம, "எல்லாருக்கும்"னு திருப்பி அனுப்பினான்.

ஏணி எழுந்து போய் ஏரியல் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அவன் பொண்டாட்டி கிட்டப் போய் நின்னா.

அடுத்த மாசம் நான் அந்தப் பக்கம் போனேன். மருந்தகக் கதவுல கம்பவுண்டர் கையெழுத்துல அது ஒட்டியிருந்துச்சு. அஞ்சு மணிக்கு அணை திறக்குறாங்க, எல்லாரையும் மேட்டுக்கு ஏத்து, யார் சொன்னாங்கன்னு சொல்லாத. கீழ ஏணியோட கால்சைன்.