ஆறரை மணி நேரம் என்று நான் சொன்னது

எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கோர்வையாக எழுத வராது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியும் நானும் அடுத்தடுத்த வீடு. அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்றாகவே பால் வெட்டினோம். அக்காவின் மகள் லண்டனில் இருக்கிறாள், என் மகன் மெல்பர்னில். போன வருடக் கடைசியில் அக்காவுக்கு லண்டன் டிக்கெட் வந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயிலில் பெண்கள் சுண்டலுக்கு உட்கார்ந்திருந்தபோது, அக்கா அந்த டிக்கெட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். நாலு பேர் இருந்தால் நான் வாய் திறக்கமாட்டேன். அன்றைக்கு என்னவோ திறந்துவிட்டேன். காலை பத்து மணிக்கு ஏற்றம், மாலை நாலரைக்கு இறக்கம் என்று போட்டிருந்தது. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்த நேரத்தை வேலை முடிந்த நேரத்திலிருந்து எங்களை மேய்க்கும் மண்டோர் கழிப்பாரே, அப்படித்தான் நானும் கழித்தேன்.

“ஆறரை மணி நேரந்தான் அக்கா. எம்மவன் போறப்ப காலையில பத்துக்கு ஏறி ராத்திரி ஒம்போதுக்குத்தான் எறங்குனான். பதினோரு மணி நேரம். அதான் தூரம்.”

மற்றப் பெண்களும் விரல்விட்டு எண்ணி ஆமாம் என்றார்கள். அக்கா டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டார். நான் இரண்டு தரம் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு தூரம் என்பதால்தான் மகன் என்னை அழைக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் அந்தப் பதினோரு மணி நேரம் உதவியது.

லண்டன் போய்ச் சேர்ந்ததும் அக்கா குடும்ப வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். சொந்தமெல்லாம் கேட்கிற இடம் அது.

“ஆறரை மணி நேரமுன்னு சொன்னியே புள்ள, அந்தப் பிளைட்டு எங்க லா இருக்கு? பதினாலரை மணி நேரம் உக்காந்து காலு ரெண்டும் பூசணிக்கா ஆயிருச்சு. அடுத்த தடவ நீ சொன்னதுலயே ஏறிக்கிறேன்.”

யார் யார் சிரித்தார்கள் என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். டிக்கெட்டில் ஏறும் நேரம் நம் கடிகாரமாம், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரமாம். லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால், அவன் ஊர், அவன் பிளைட் ஏறிய மாதத்தில், மூன்று மணி நேரம் முன்னால் என்றான்.

“ஒங்களுக்கும் எனக்கும் பிளைட்டு எட்டு மணி நேரந்தாம்மா. பக்கம்தான்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கு இன்னும் எரிந்தது. அத்தனை தொலைவில் இருக்கிறவள் தாயைக் கூப்பிட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருக்கிறவன் கூப்பிடவில்லை.

“எட்டு மணி நேரம்னா நான் உக்காந்துருவேன் தம்பி” என்றேன். நானாக அவனிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பாஸ்போர்ட் இருக்காம்மா?” என்றான்.

வாங்க என்று அவன் சொல்லவில்லைதான். நான் அப்படியே எடுத்துக்கொண்டு, மறுநாளே சிரம்பானுக்குப் பஸ் ஏறி பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டுவிட்டேன்.

இனிமேல் என் கணக்கை நானே நம்பமாட்டேன். எட்டு மணி நேரம் என்பது சரிதானா, கடிகாரம் முன்பின் ஓடுவதைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். மகனிடம் இன்னொரு தரம் கேட்டால், நான் வரப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிடுவான்.