மணல்மூட்டை ஏற்றி வந்த கார்

கொண்டை ஊசி வளைவில் எனக்கு முன்னால் இறங்கிய காரிலிருந்து பிரேக் தீயும் வாசனை வந்தது. டிக்கி வைத்த சின்னக் குடும்பக் கார். பல நாடுகளில் விற்கிறதாம். அந்த மாடல் பெயரே இல்லாமல், மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டுக்கு முதன்முதலாக வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஒட்டிய அந்தக் கார் ஓயாமல் மலை ஏறி இறங்கியது. நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஒரு நாள் எங்கள் பலாமரத்தடியில் அது நின்றதும், மிளகு உருவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். சீட்டுகளில் மூட்டைகள் இருந்தன.

"எங்க மண்ணயா அள்ளிட்டுப் போறீங்க?"

"மணலுங்க. ஒரு குடும்பம் உக்காந்த கனத்துக்கு வெச்சிருக்கோம். வெளிநாட்டுலயும் விக்கப்போற காரு, பிரேக்கச் சோதிக்கறோம்" என்றார் ஓட்டுநர்.

அம்மா நம்பவில்லை. "அப்படீன்னா மூட்டைய எறக்கிட்டு எங்கள ஏத்திக்கிட்டுப் போங்க, பாக்கலாம்."

"சோதன இன்னும் முடியலீங்க. ஆள ஏத்தக்கூடாது."

"அப்பறம் எங்க புள்ளைங்க நடக்கற ரோட்டுல எப்படீங்க ஓட்டறீங்க?"

அவர் திரும்பி, அம்மா பக்கத்தில் பள்ளிப் பையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

மறுநாள் வளைவில் சிவப்புக் கொடியோடு ஓர் ஆளை நிறுத்தினார்கள். கார் வரும்போது பிள்ளைகளை ஓரங்கட்டுவது அவர் வேலை. அம்மா அவரையும் நம்பவில்லை. கார் மலையை விட்டுப் போகும்வரை தினமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மிளகு உருவினாள்.

இப்போது எனக்கு முன்னால் போன கார் ஓரமாக நின்றது. நான் பைக்கை நிறுத்தி, "பிரேக் ஆறட்டுங்க. அப்பறம் செகண்ட் கியர்ல எறங்குங்க" என்றேன்.

காரை ஓட்டி வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.